வளைகாப்புத் தேதியும் விமானத் தேதியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்கள் பெண் சிங்கப்பூரில் இருக்கிறாள். தலைப்பிரசவம். இப்போது ஆறாவது மாதம் தொடங்கியிருக்கிறது. போன வாரம் அவளுடைய அம்மா வந்து, "புரட்டாசி முதல் வாரம் வளைகாப்பு வச்சிருக்கோம், ஒன்பதாம் மாசம் பிறந்திரும், நீங்க கண்டிப்பா வரணும் நர்சம்மா" என்றார். டிக்கெட் போட்டாச்சா என்று கேட்டேன். "இனிமேத்தான். வளைகாப்புக்கு ஒரு வாரம் முன்னாடி வந்தா போதாதா?" என்றார்.

போதாது என்று சொல்ல என்னிடம் காரணம் இருக்கிறது. அதை அவரிடம் மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் என்று எங்கே பார்த்தாலும் பெண்ணை வெளிநாட்டில் கட்டிக்கொடுத்த வீடுகள் இருக்கின்றன. அவர்களும் தங்கள் நாளிதழைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். கடிதம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 31 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். பேரையூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் கர்ப்பிணிகளைப் பதிவு செய்து, ரத்தம் பார்த்து, பிரஷர் பார்த்து, சத்து மாத்திரை கொடுத்து, வலி வந்தால் வண்டி ஏற்றி அனுப்பியிருக்கிறேன். மாட்டு வண்டியில் வந்தவர்களையும் 108-இல் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். விமானத்தில் வருகிற கர்ப்பிணியைப் பற்றி யோசிக்கும் தேவை எனக்கு வந்ததே இல்லை, என் சொந்த மகள் உண்டாகும் வரை.

என் மகளும் மாப்பிள்ளையும் துபாயில் இருக்கிறார்கள். அவளுக்கு ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு என்று சம்பந்தி வீட்டில் தை மாதம் நாள் குறித்தார்கள். அவர்கள் பக்கம் வழக்கமாக ஒன்பதில்தான் செய்வார்களாம். அந்தத் தேதியிலிருந்து பத்து நாள் பின்னால் எண்ணி மாப்பிள்ளை டிக்கெட் போட்டார். துபாயிலிருந்து மதுரைக்கு நேர் விமானம், சுமார் நான்கு மணி நேரம். பெருங்குடியில் இறங்கினால் எங்கள் வீட்டுக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். அங்குள்ள மருத்துவரிடம் பயணம் செய்யலாம் என்று ஒரு கடிதமும் வாங்கி வைத்திருந்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

விமான நிலையத்தில் பயணச்சீட்டைச் சரிபார்க்கும் இடத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அன்று என் மகளுக்கு 33 வாரம் முடிந்து மூன்று நாள். கையில் இருந்த கடிதம் மூன்று வாரத்துக்கு முன் எழுதியது. பிரசவத் தேதி அதில் இல்லை. ஒரு குழந்தையா இரட்டையா என்றும் இல்லை. ஏழு நாளுக்குள் எழுதிய கடிதம் இருந்தால்தான் ஏற்ற முடியும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த விதி அவர்கள் இணையதளத்தில் எங்கோ ஆங்கிலத்தில் இருந்ததாம். டிக்கெட் போடும்போது யாரும் கேட்கவில்லை. பெட்டிகளோடு அவள் திரும்பிப் போனாள். இரவு பதினோரு மணிக்கு எனக்கு போன் செய்து அழுதாள். நான் அங்கே இருந்து வயிற்றைத் தடவிக்கூடக் கொடுக்க முடியவில்லை.

மறுநாள் புதுக் கடிதம் கிடைத்துவிட்டது. ஆனால் மதுரை விமானத்தில் இடம் இல்லை. மூன்று நாள் கழித்துச் சென்னைக்கு இடம் கிடைத்தது. சென்னையில் இறங்கிய பிறகுதான் நாங்கள் பெரிய தவறு செய்தோம். அங்கிருந்து மதுரைக்கு இன்னொரு விமானம் ஒன்றேகால் மணி நேரம்தான். சம்பந்தியம்மா, "ஒரு பிளைட்டே போதும், மறுபடி ஏத்தி இறக்குனா பிள்ளைக்கு ஆகாது, கார்ல மெதுவா கூட்டிட்டு வந்திருவோம்" என்றார். அவர் அக்கறையில்தான் சொன்னார். நான் ஒத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் வேலை பார்த்த நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மனதுக்குள் எனக்கும் அதே பயம் இருந்தது.

சென்னையிலிருந்து மதுரை 460 கிலோமீட்டர். செங்கல்பட்டு நெரிசலைத் தாண்டி, விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, திருச்சி, துவரங்குறிச்சி, மேலூர் என்று வந்து சேர ஒன்பது மணி நேரம் ஆனது. வழியில் கழிப்பறை சுத்தமாக இருக்காது என்று பயந்து என் மகள் தண்ணீரே குடிக்கவில்லை. குலுங்கக் கூடாது என்று பின் இருக்கையில் தலையணை வைத்து அசையாமல் உட்கார வைத்திருந்தோம். இரண்டே இடத்தில்தான் இறங்கினாள். அதற்கு முன் நான்கு மணி நேரம் விமானத்தில் வேறு உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து இறங்கியபோது இடது கால் மட்டும் வீங்கியிருந்தது. கெண்டைக்கால் வலிக்கிறது என்றாள். கர்ப்பிணிக்கு இரண்டு காலும் வீங்குவதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது வேறு. இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை. விடிந்ததும் மதுரையில் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கட்டு இல்லை. அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அந்த மருத்துவர் வயதில் என்னைவிடச் சின்னவர். பொறுமையாக அரை மணி நேரம் பேசினார். "நீங்க பயந்த ஒன்னேகால் மணி நேர பிளைட்டைவிட, அசையாம உட்கார வச்ச இந்த ஒன்பது மணி நேர கார்தாம்மா அதிகக் கஷ்டம்" என்றார். கர்ப்ப காலத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும். பிரசவத்தில் அதிகம் ரத்தம் போகாமல் இருக்க உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. பெருத்த கர்ப்பப்பை இடுப்பில் உள்ள ரத்தக்குழாய்களை அழுத்துவதால் காலிலிருந்து ரத்தம் மேலே ஏறுவதும் மெதுவாகும், அதுவும் இடது பக்கம் அதிகம். இந்த நிலையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் கட்டிப்போக வாய்ப்புக் கூடுகிறது. அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. காரோ, பஸ்ஸோ, விமானமோ, உட்கார்ந்தே இருந்தால் எல்லாம் ஒன்றுதான். அன்றைக்கு இரவு ரயிலில் கீழ் படுக்கை வாங்கியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். படுக்கலாம், எழுந்து நடக்கலாம், கழிப்பறை கூடவே வரும். கர்ப்பிணிகளுக்கு ரயில்வேயில் கீழ் படுக்கை ஒதுக்கீடும் இருக்கிறது. எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

உயரத்தில் காற்று குறைவாயிற்றே, பிள்ளைக்கு மூச்சு முட்டாதா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் கேட்க வேண்டும். விமானம் முப்பதாயிரம் அடிக்கு மேல் பறந்தாலும் உள்ளே காற்றை அழுத்தி நிரப்பித்தான் வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கிற அழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். கொடைக்கானல் சுமார் ஏழாயிரம் அடி. மே மாதம் வந்தால் மசக்கை தெளிந்த மருமகளைக் காற்று மாறட்டும் என்று கொடைக்கானலுக்குக் கூட்டிப்போகிறோம். அங்கேயே பிறந்து வளர்ந்து பிள்ளை பெறும் பெண்களும் இருக்கிறார்கள். அந்த உயரத்தில் தாயின் ரத்தத்தில் ஆக்சிஜன் சற்றுக் குறையும். ஆனால் வயிற்றுப் பிள்ளையின் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் வேறு வகை. ஆக்சிஜனைத் தாயின் ரத்தத்தைவிட இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஆரோக்கியமான தாயின் பிள்ளைக்கு அதனால் கேடு வருவதில்லை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆரோக்கியமான தாய் என்றால் ரத்தம் இருக்க வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேல் ரத்தசோகை உள்ளவர்கள். நான் ரத்தம் பார்த்த பெண்களில் ஹீமோகுளோபின் அளவு பதினொன்றுக்கு மேல் இருந்தவர்களைப் பார்த்தால் எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருக்கும். ஏழு, ஏழரை என்று கடுமையான சோகையில் இருக்கிற பெண்ணை விமானத்தில் ஏற்றக் கூடாது. முதலில் அந்த அளவைக் கூட்ட வேண்டும். உதிரப்போக்கு இருந்தவர்கள், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்கள், பிரஷர் ஏறி முகம் கை வீங்கியவர்கள், முன்பு குறைமாதத்தில் பெற்றவர்கள், கர்ப்பப்பை வாய் சிறுத்திருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள், இவர்களெல்லாம் மருத்துவர் தெளிவாகச் சரி என்று சொல்லாமல் டிக்கெட் பக்கமே போகக் கூடாது. எட்டு மாதமும் ஒரு தொந்தரவும் இல்லாத பெண்ணை வீட்டில் கட்டிப்போடுவார்கள். பிரஷர் உள்ள பெண்ணை, "விசேஷத்துக்கு வந்துதானே ஆகணும்" என்று கிளப்பிவிடுவார்கள். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

மற்ற பயங்களையும் கேட்டேன். விமான நிலையத்தில் நாம் நுழைந்து போகும், கதவு நிலை போன்ற அந்தக் கருவியில் எக்ஸ்ரே கிடையாது. அது உலோகத்தைக் கண்டுபிடிக்கும் வலுக்குறைந்த காந்தப்புலம். கையில் வைத்துத் தடவும் கருவியும் அப்படித்தான். எக்ஸ்ரே பைகளுக்கு மட்டும்தான். வானத்திலிருந்து வரும் கதிர்வீச்சு மேலே போகப்போகக் கொஞ்சம் அதிகம் என்பது உண்மை. கர்ப்ப காலத்துக்கு என்று வைத்திருக்கும் எல்லை ஒரு மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). உலகத்தின் மிக நீண்ட விமானப் பயணத்தில்கூட அதில் 15 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. விமானத்திலேயே வேலை பார்க்கிற பெண்கள்தான் மணிக்கணக்குப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும். வருஷத்தில் ஒரு தரம் ஊருக்கு வருகிற பெண்ணுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

விமானத்தில் போனால் கரு கலையும் என்ற பேச்சைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. நான் வேலையில் இருந்த கடைசி வருஷங்களில், என் துணை சுகாதார நிலையத்துக்கு உட்பட்ட ஊரில் ஒரு பெண். கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து உண்டானாள். அது தெரியாமலேயே கணவனோடு விமானத்தில் டெல்லி போய் வந்திருக்கிறாள். பத்தாவது வாரம் கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளுக்கு வேறு பெயரே இல்லை, "பறந்து பிள்ளையைத் தொலைச்சவ" என்பார்கள். அவளும் அதை நம்பிவிட்டாள். எனக்கும் அன்று பதில் தெரியாததால், விடும்மா, அடுத்தது நிற்கும் என்று மட்டும் சொல்லி வந்தேன். ஆரம்ப வாரங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, கருவிலேயே இருக்கும் குரோமோசோம் கோளாறால் கலைகின்றன. தாய் படுத்தே கிடந்திருந்தாலும் அது நடந்திருக்கும். எப்போதாவது ஒரு தரம் பறப்பதால் கரு கலைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. இதை அன்றே அவள் மாமியாரை உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். ஆனாலும் முதல் பிள்ளையைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டிருப்பாளோ என்று எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

அப்புறம் ஏன் 36 வாரத்துக்கு மேல் ஏற்றுவதில்லை? பறப்பதால் வலி வந்துவிடும் என்பதற்காக இல்லை. அந்த வாரங்களில் வலி எங்கே இருந்தாலும் வரலாம். நடு வானத்தில் வந்தால் ஆபரேஷன் அறையும் இல்லை, ரத்தமும் இல்லை, குழந்தைக்கு இன்குபேட்டரும் இல்லை. விமானம் தரையிறங்கவே எவ்வளவு நேரம் ஆகுமோ தெரியாது. அதனால்தான் ஒற்றைப் பிள்ளைக்கு 36 வாரம், இரட்டைப் பிள்ளைக்கு 32 வாரம் என்று பெரும்பாலும் எல்லை வைக்கிறார்கள். கடிதம் கேட்கத் தொடங்குவதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் 28 வாரத்திலிருந்து, சிலர் 32-இலிருந்து.

நம் வீடுகளில் குழப்பம் வருவது இந்த வாரக் கணக்கில்தான். விமானக்காரர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து வாரத்தை எண்ணுகிறார்கள். மொத்தம் 40 வாரம். நாலு வாரம் ஒரு மாதம் என்றால் அது பத்து மாதம். பத்து மாதம் சுமந்து பெற்றாள் என்று நம் பாட்டிகள் சொன்ன கணக்கு சரிதான். ஆனால் நாம் இப்போது காலண்டர் மாதத்தில் எண்ணுகிறோம். எட்டு மாதம் முடிந்து ஒன்பது பிறந்தது என்று காலண்டரில் சொல்லும்போதே 35 வாரம் நெருங்கிவிடும். அதாவது ஒன்பதாம் மாதம் பிறந்து ஒரு வாரம் கழித்துக் கிளம்பலாம் என்று நினைக்கிற பெண்ணுக்கு, அந்த ஒரு வாரத்தில் விமானக் கதவே மூடிவிடுகிறது. ஒன்பதாம் மாத வளைகாப்புக்கு "ஒரு வாரம் முன்னாடி" வருவது எவ்வளவு விளிம்பில் நிற்கிற காரியம் என்று இதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். இடையில் ஒரு கடிதம் சரியில்லை, ஒரு விமானம் ரத்து என்றால் முடிந்தது. பிள்ளை அங்கேயே பிறக்க வேண்டியதுதான், அம்மாவும் பக்கத்தில் இருக்க மாட்டாள்.

பறக்க நல்ல காலம் 14 வாரத்திலிருந்து 27, 28 வாரம் வரை. வாந்தி மயக்கம் தெளிந்திருக்கும், வயிறும் அவ்வளவு பாரமாக இருக்காது. அதனால் பெண் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் வளைகாப்பை ஏழாம் மாதத்திலேயே வைத்துவிட வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படை மாதத்தில் செய்வது நம் வழக்கம். ஏழு அதற்குள்தானே வருகிறது. அதே ஐந்து வகைச் சாதம், அதே கண்ணாடி வளையல்.

மகப்பேறு மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடிதம் எழுதும்போது எத்தனை வாரம், பிரசவ உத்தேசத் தேதி, ஒரு குழந்தையா இரட்டையா, எந்தத் தேதியில் பயணம் செய்யலாம் என்பதை எல்லாம் தேதியும் முத்திரையும் போட்டு எழுதிக் கொடுங்கள். மதுரையில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஏஜென்ட்டுகள், பயணம் செய்வது இளம் பெண் என்றால் கர்ப்பமா, பயண நாளில் எத்தனை வாரம் என்று ஒரு கேள்வி கேளுங்கள். திரும்பிப் போகும் டிக்கெட்டுக்கும் அந்தக் கணக்கு உண்டு. இங்கே விசேஷத்துக்கு வந்துவிட்டுத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். விமான நிறுவனங்கள் மதுரையிலிருந்து ஆள் ஏற்றிச் சம்பாதிக்கும்போது, இந்த ஒரு பக்க விதியைத் தமிழில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

பயணம் செய்கிற பெண்களுக்கு, அந்த மருத்துவர் சொன்னதையும் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். நடைபாதை ஓர இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள். பெல்ட்டை வயிற்றுக்கு மேல் போடாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்போடு ஒட்டிப் போடுங்கள். விமானத்தில் காற்று வறண்டிருக்கும், கழிப்பறைக்கு எழுந்து போக வேண்டுமே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். எழுந்து போவதே காலுக்கு நல்லது. உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் என்றால் காலை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் ஸ்டாக்கிங் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முந்தின நாள் மொச்சை, சுண்டல், சோடா வேண்டாம். மேலே போனால் வயிற்றில் காற்று விரியும், சிரமப்படுவீர்கள். ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை, மாத்திரை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டுவிடாதீர்கள். வந்து சேர்ந்ததும் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் பிக்மி என்கிற அரசின் கர்ப்பிணிப் பதிவைச் செய்து எண் வாங்குங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். இறங்கிய பிறகு ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைக்கால் வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ விடியட்டும் என்று என்னைப்போல் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போங்கள்.

என் மகளுக்கு மாசியில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ. இப்போது நான்காவது மாதம் நடக்கிறது, குப்புற விழப் பார்க்கிறாள்.

எங்கள் தெருப் பெண் விஷயத்துக்கு வருகிறேன். ஏழாம் மாதம் என்றால் அவளுக்கு ஆடியில் வருகிறது. ஆடியில் எப்படி விசேஷம் வைப்பது என்று மாப்பிள்ளை வீட்டில் தயங்குகிறார்கள். ஆடிப்பூரத்தன்று அம்மனுக்கே வளைகாப்பு நடத்தி, அந்த வளையலைத்தானே நம் பெண்கள் பிள்ளை வரம் வேண்டி வாங்கி வந்து போட்டுக்கொள்கிறார்கள் என்று நான் சொன்னேன். அந்த அம்மாவுக்கு மனம் இறங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்தான் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் காலையில் டீக்கடையில் தங்கள் நாளிதழைத்தான் வாசிப்பார். டிக்கெட் இன்னும் போடவில்லை. ஆடி பிறப்பதற்குள் இந்தக் கடிதத்தை வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.